பையை யார் வைத்துக்கொள்வது?

கேளிக்கைப் பூங்காவில் ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் இந்தக் கேள்வி எழும். தண்ணீர்ப் புட்டி, குழந்தைக்கு மாற்றுத் துணி, தொப்பி, மூன்று கைபேசிகள், மருந்து டப்பா என்று எல்லாம் ஒரே பையில் கிடக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. வரிசை தொடங்கும் இடத்துக்கு வந்ததும் அம்மா கையை நீட்டுவாள். நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பேன், அப்பா கைக்கடிகாரத்தைக் கொடுப்பார், தங்கை தலையிலிருந்த பூக்கிளிப்பைக் கொடுப்பாள். அம்மா அவற்றை வாங்கிப் பைக்குள் வைத்து, வெளியே வரும் வழிக்கு எதிரில் இருக்கும் பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் இறங்கி வரும்போது பை திறந்திருக்கும், கண்ணாடி துடைத்து வைக்கப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடந்துவந்தது. அப்பா போய்விட்டார். தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். இப்போது என் மனைவியும் மகளும் தங்கள் பொருள்களை அதே கையில் கொடுக்கிறார்கள்.

சென்ற மாதம், நாங்கள் வழக்கமாகப் போகும் பூங்காவில் புதிதாகத் திறந்திருக்கும் குடும்ப ரோலர் கோஸ்டருக்குப் போனோம். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் கதையைச் சொல்லும் சவாரி அது. சிவப்புப் பாறை மலை, சாய்ந்த மரத்தூண்கள், துருப்பிடித்ததுபோல் சாயம் பூசிய இரும்பு வாளிகள், உள்ளிருந்து மினுங்கும் லாந்தர்கள். எட்டு வயது மகள் வாசலில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். உயரம், துணையோடு வரவேண்டிய வயது, இதய நோயும் முதுகுவலியும் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை என எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத் திரும்பி, "பாட்டி வரக்கூடாது என்று இதில் எழுதவில்லையே, பாட்டி ஏன் வருவதில்லை?" என்று கேட்டாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்த நான், யோசிக்காமல், "பாட்டிக்குப் பயம்" என்றேன்.

நீட்டிய கையை அம்மா இறக்கிக்கொண்டாள். "யார் சொன்னது?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோல்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. யார் சொன்னது? அப்பா சொன்னாரா, நானா, அவளே என்றாவது சொன்னாளா? நினைவின் அடி வரை துழாவிப் பார்த்துவிட்டேன். அம்மா "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்ன ஒரு நாள்கூட அகப்படவில்லை.

உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வண்டி

குடும்ப ரோலர் கோஸ்டர்களை நான் வெகுகாலம் மதித்ததில்லை. தலைகீழாகச் சுழலாதது, 15 மீட்டருக்கு மேல் ஏறாதது, பொம்மைகளையும் விளக்குகளையும் காட்டிக் காலத்தைக் கடத்துவது, பெரிய சவாரிக்கு உயரம் போதாத பிள்ளைகளை ஆற்றுப்படுத்த வைத்திருப்பது. அது என் எண்ணமாக இருந்தது. பிற்பாடு இந்த வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அந்த எண்ணம் தலைகீழாக நிற்கிறது என்று புரிந்தது.

1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் திறந்த வண்டிதான் அமெரிக்காவில் இந்தத் தொழிலையே தொடங்கிவைத்தது. ஏறக்குறைய 180 மீட்டர் நீளம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். சற்று விரைந்து ஓடுகிறவர் அதை முந்திவிடலாம். அதில் மக்கள் முன்னோக்கி உட்காரவில்லை. பெஞ்சில் அமர்வதுபோலப் பக்கவாட்டில் அமர்ந்து, கடற்கரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மதுக்கடைகளைச் சுற்றி வளர்ந்திருந்த கேளிக்கைக்கு மாற்றாக, குடும்பத்தோடு வந்து பொழுதைக் கழிக்க ஒன்று வேண்டும் என்பது தாம்சனின் விருப்பம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1887இல், அட்லாண்டிக் சிட்டியில் அவர் அடுத்த படியை எடுத்து வைத்தார். வண்டி இருட்டுக் குகைக்குள் நுழையும்போது விளக்குகள் எரிந்து, சுவரில் தீட்டிய காட்சிகள் தெரியும்படி செய்தார். கதையும் காட்சியும் கொண்ட குடும்ப வண்டி, இன்றைய விளம்பரங்கள் புதுமை என்று சொல்வது, அந்தக் குகையிலேயே பிறந்துவிட்டது.

அச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது. தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரத்துக்கு 1919இல் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றார். மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றுமாகப் பிடித்துக்கொண்டால் வண்டி எழும்பிப் பறந்துவிடாது. அதனால் இறக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் செங்குத்தாக்கலாம், மேட்டை எவ்வளவு கூர்மையாகவும் மடக்கலாம். 1927இல் அதே கோனி தீவில் வந்த சைக்ளோன், 26 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இடையில் 43 ஆண்டுகள்தான். 2010இல் அபுதாபியில் திறந்த ஃபார்முலா ரோசா 240 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டுதான் அதில் அமரமுடியும். ஒவ்வொரு பாய்ச்சலிலும், ஏறாமல் கீழே நிற்பவர்களின் கூட்டம் கொஞ்சம் பெருத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிவாசல் பெஞ்சை அந்தச் செங்குத்து இறக்கங்கள்தான் உண்டாக்கின. குடும்ப வண்டிகள் மெல்ல அந்தப் பெஞ்சைக் காலியாக்கப் பார்க்கின்றன. 1966இல் டெக்சஸில் வந்த சுரங்க ரயில் வண்டியும், 1979இல் டிஸ்னிலேண்டில் வந்த பிக் தண்டர் மவுண்டனும் எனக்கு இப்போது வேறு மாதிரித் தெரிகின்றன. பிக் தண்டரில் ஏற 102 சென்டிமீட்டர் உயரம் போதும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளை அதை எட்டிவிடும்.

சுரங்கம் என்ற கருவைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1827இல் பென்சில்வேனியாவின் மாக் சங்க் மலையில் நிலக்கரி இறக்கப் போட்ட தண்டவாளத்தில், வண்டிகள் தம் எடையாலேயே கீழே உருண்டன. காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்தன. இறங்கும்போது அந்தக் கழுதைகளையும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னாளில் அதே தடத்தில் மனிதர்கள் மகிழ்ச்சிக்காக ஏறத் தொடங்கினார்கள். இழுத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டி என்பதால் அந்தக் கழுதைகளின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், அம்மாவிடம் சொன்னதில்லை.

காதால் தெரிந்துகொண்டவள்

"யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு வரிசைக்குள் வந்துவிட்டாள். அதற்கு முன், பலகையில் இருந்த எச்சரிக்கைகளை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு வயது 66. முழங்கால் வலியைத் தவிர வேறு தொல்லை இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் பேசாமல் நடந்தேன். முக்கால் மணி நேர வரிசை. மரப்பலகை வழி வளைந்து வளைந்து மலையைச் சுற்றிப் போகிறது. இடையிடையே சுரங்கக்காரர்களின் கோடரிகள், ஒரு மேசையில் விரித்த வரைபடம், அணையாமல் மினுங்கும் அடுப்பு. மகள் ஒவ்வொன்றிலும் நின்றாள். அம்மா எதையும் நின்று பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மேலே போகும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வருகிறதே, அது நின்றால் வண்டி உச்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தம்" என்று மகளிடம் சொன்னாள். "அதற்கப்புறம் மூன்று எண்ணுவதற்குள் கத்தல் கேட்கும். முன்னால் உட்கார்ந்தவர்கள் விளிம்பில் தொங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். நாம் நடுவில் உட்காருவோம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. டக் டக் என்பது, வண்டியின் அடியில் இருக்கும் இரும்பு நாக்கு ஏற்றப் பாதையின் பல்வரிசையில் ஒவ்வொன்றாக விழும் ஓசை. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி அந்த நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும். உச்சியில், வண்டித்தொடரின் பாதி எடை மேட்டைத் தாண்டும் வரை முன்பெட்டி மெதுவாகவே நகரும். தாண்டிய பிறகு முழுத்தொடரும் சேர்ந்து கடைசிப் பெட்டியை மேட்டின் மேல் வாரி இழுக்கும். இதை நான் புத்தகங்களில் படித்தேன், பின்பெட்டியில் வேண்டுமென்றே உட்கார்ந்து உணர்ந்தேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருக்கிறாள். மேலும் கேட்டேன். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. காலையில் கதவு திறப்பதற்கு முன் ஆளில்லாத வண்டியைச் சில தடவை ஓடவிடுகிறார்கள். காலையில் மெதுவாக வரும் அதே வண்டி பிற்பகலில் கொஞ்சம் வேகமாக வருகிறது. ஆள் நிறைந்த வண்டி, பாதி காலியான வண்டியைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. சூடேறிய மசகும் சக்கரங்களும் தடையைக் குறைப்பதையும், எடை கூடிய வண்டியைக் காற்று எளிதில் தடுக்கமுடியாததையும் நான் அவளுக்கு விளக்கினேன். "அப்படியா, நான் ஓட்டுபவர் ஆளைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார் என்று நினைத்தேன்" என்றாள். ஓட்டுபவர் யாரும் இல்லை, உச்சியிலிருந்து விழும் உயரம் ஒன்றுதான் வேகம் என்றேன். 15 மீட்டரிலிருந்து விழுந்தால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல், அடியில் மணிக்கு 62 கிலோமீட்டர். அதைக் கேட்டு அம்மா சிறிது நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை நிறுத்தியது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, வேறொரு பூங்காவில், நாங்கள் ஏறிய வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது. மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் இருந்தோம். பக்கத்தில் அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. சங்கிலி அறுந்துவிட்டது, இனிப் பின்னால் உருண்டு போவோம் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையின் முதல் பெரிய அச்சம் அது. அம்மா சொன்னாள்: "அன்று முன்னால் போன வண்டி நிலையத்துக்குள் வராமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு பையனின் காலணி பலகை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி உள்ளே போனால்தானே உங்கள் வண்டி உச்சியைத் தாண்டும்? எனக்குத் தெரிந்தது. நான் கீழேயிருந்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நீங்கள் யாரும் கீழே பார்க்கவில்லை."

தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்று வகுத்திருப்பார்கள். முன்பகுதி காலியாகாவிட்டால் பின்னால் வரும் வண்டியைச் சங்கிலியிலேயே நிறுத்திவிடுவார்கள். பழுது என்று நாம் நினைக்கும் பல நிறுத்தங்கள், உண்மையில் காவல் ஏற்பாடு சரியாக வேலை செய்வதன் அடையாளம். பல ஆண்டுகளாக எனக்கு இது தெரியும். ஆனால் அந்த நாளோடு அதை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இரண்டு வண்டிகளையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடத்தில் அவள்தான் இருந்தாள். கையில் எங்கள் கண்ணாடியும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று, பத்து நிமிடம் கையசைத்திருக்கிறாள். முப்பது ஆண்டுகளில் அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் இறங்கி வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள்" என்றாள்.

மலையின் முதுகு

நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் அளவுகோல் நிற்கிறது. ஊழியர் மகளின் குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், தலையில் உள்ளங்கையை வைத்துக் கோட்டோடு ஒப்பிட்டார். அந்தக் கோடு தைரியத்தை அளப்பதற்கானது என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறோம். அது உடம்பு கம்பிக்குப் பொருந்துமா என்பதை அளக்கிறது. தொடைக்கு மேல் இறங்கும் கம்பி இடுப்போடு சேர்த்துப் பிடிக்க, தொடைக்கு ஒரு நீளமும் உடம்புக்கு ஒரு பருமனும் வேண்டும். பழைய வண்டிகளில் இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். பருத்த தொடை எதுவோ அதில் கம்பி நின்றுவிடும், பக்கத்தில் உள்ள சிறு பிள்ளைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி கிடக்கும். இந்த வண்டியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கம்பி. பாட்டியும் பேத்தியும் அடுத்தடுத்து உட்கார்ந்தாலும் இருவரையும் அது சரியாகப் பிடிக்கிறது. விளம்பரத்தில் யாரும் எழுதாத இந்த ஒன்றைத்தான் குடும்பச் சவாரி என்ற பெயருக்கு முதல் தகுதியாக நான் சொல்வேன்.

நடைமேடையின் மறுபக்கத்தில் பைகளை வைக்க மரத்தட்டு இருந்தது. பெட்டியைக் கடந்து அந்தப் பக்கம் போய், பையை வைத்துவிட்டு வந்து உட்காரவேண்டும். அம்மா போனாள். பையை வைத்தாள். திரும்பினாள். மறுபடியும் போய், பையின் வார் கீழே தொங்காதபடி சுருட்டி உள்ளே தள்ளினாள். அவள் விரல்கள் பையின் விளிம்பை விடுவதற்கு ஒரு கணம் ஆயிற்று. வாரால் அழுந்தி மங்கிய கோடு அவள் சட்டைத் தோளில் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தத் தோள் பூங்காவுக்குள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததில்லை. பிறகு இடது கையை என் தோளில் ஊன்றி, தாழ்ந்த பெட்டிக்குள் ஒரு காலை வைத்து, முழங்காலை மெதுவாக மடக்கி இறங்கினாள். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருப்பதை ஊழியர் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கம்பி இறங்கியது. அம்மா அதை இரண்டு முறை மேலே தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டக் டக் தொடங்கியது. இருட்டான குகை. வண்டி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெரியாமல் இருக்கத்தான் ஏற்றத்தைக் குகைக்குள் ஒளித்திருக்கிறார்கள். பாறை இடுக்கில் ஒரு விளக்கு, பிறகு இன்னொன்று. சத்தம் நின்றது. மகள், "ஒன்று, இரண்டு" என்று எண்ணினாள். நடுப்பெட்டி என்பதால் தொங்கலும் இல்லை, இழுப்பும் இல்லை. தண்ணீர் வழிவதுபோல் விழுந்தோம். நான் தடத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழும்போது உடம்பைத் தாங்கும் இருக்கையின் அழுத்தம் போய்விடுவதால் வயிற்றுக்குள் உள்ளவை எல்லாம் மிதப்பதுபோல் இருக்கும். அந்தக் கணத்தில் யாருடைய முகமும் ஒரு மாதிரி ஆகும். அம்மாவின் வாய் இறுகியது. கண்கள் திறந்தே இருந்தன. அவள் முன்னே பார்க்கவில்லை. வலது பக்கம், பிறகு இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம் என்று, பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவள்போலப் பார்த்துக்கொண்டே வந்தாள். தரையை ஒட்டித் திரும்பியபோது புல் சீறிக்கொண்டு போனது. தலைக்கு மேல் ஒரு மரத்தூண் இடிக்க வருவதுபோல் வந்து விலகியது. கையை முழுக்க நீட்டினாலும் எட்டாத இடத்தில்தான் அதை வைத்திருப்பார்கள், ஆனாலும் கழுத்து தானாகவே உள்வாங்கும். நான் குனிந்தேன், அம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம். தடை பிடித்து வண்டி நின்றதும் அவள் முதலில் பார்த்தது எதிர்ப்பக்கத்து மரத்தட்டைத்தான். பை அங்கேயே இருந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள், "பாட்டி, எப்படி இருந்தது?" என்று குதித்தாள். பயமாக இருந்தது என்றோ இல்லை என்றோ அம்மா சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள், "மலைக்குப் பின்பக்கம் சாயமே பூசவில்லை" என்றாள். இரண்டாவது திருப்பத்தில் ஒரு நொடி மலையின் முதுகு தெரிகிறதாம். வெறும் இரும்புக் கம்பிச் சட்டம், அதில் ஆங்காங்கே சிமெண்ட் பூச்சு வழிந்து உறைந்திருக்கிறது. ஓர் ஏணி சாத்தியிருக்கிறது. ஏணியின் அடியில் ஒரு ஜோடி காலணி, நேராக அடுக்கி வைத்தது. "யாரோ கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறி வேலை செய்கிறார்கள். இந்தச் சத்தத்துக்குள் எப்படித்தான் நிற்கிறார்களோ" என்றாள்.

எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. கதையோடு அமைக்கும் சவாரி என்றால் எந்தக் கோணத்திலும் உள்கூடு தெரியக்கூடாது என்பது என் கட்சி. பூங்காக்காரர்கள் அந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் விட்டது குறைதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று இருட்டுக் குகைக்கும் லாந்தர்களுக்கும் நடுவில் அம்மாவுக்கு மிகப் பிடித்த காட்சி அந்தக் காலணிதான். கோனி தீவில் பக்கவாட்டில் உட்கார்ந்து போனவர்கள் இப்படித்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடம் கொடுப்பது?

அன்று மாலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது, மகள் தூங்கிவிட்ட பிறகு, நேராகவே கேட்டேன். இத்தனை வருடம் ஏன் ஏறவில்லை? அம்மா நீண்ட பதில் எதுவும் சொல்லவில்லை. "முதல் தடவை போனபோது உன் தங்கை கைக்குழந்தை. அவளை வைத்துக்கொண்டு கீழே இருந்தேன். அடுத்த தடவை அவளும் ஏறுமளவு வளர்ந்துவிட்டாள். நீங்கள் மூன்று பேரும் பொருள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் யாரிடம் கொடுப்பது?" என்றாள். அவ்வளவுதான்.

கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்காகச் சில பெரிய பூங்காக்களில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் ஏறிவிட்டு வந்ததும், குழந்தையை வைத்திருந்த மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் நேராக ஏறலாம். மிக நல்ல ஏற்பாடு. காத்திருப்பவருக்கும் ஒரு முறை வரவேண்டும் என்பதை ஒரு நிர்வாகம் நினைத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் குழந்தை வளர்ந்துவிட்டால் அந்த ஏற்பாடு முடிந்துவிடும், காத்திருப்பது முடிவதில்லை. கீழே இருந்தவர் கீழேயே இருந்துவிடுவார். அவருக்குப் பயம் என்று வீட்டில் ஒரு கதை பிறக்கும், அந்தக் கதையைப் பேரப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்போம். நான் அதைத்தான் செய்தேன். தண்டவாளத்துக்கும் மலைக்கும் கதைக்கும் இவ்வளவு உழைக்கும் பூங்காக்கள், அந்த வெளிவாசல் பெஞ்சுக்கு நிழலாவது போடலாம். நான் பார்த்த பல பெஞ்சுகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. நிலையத்துக்குள்ளேயே பத்திரமான மரத்தட்டு வைத்ததற்காக இந்தப் புதிய சவாரியை வடிவமைத்தவர்களுக்கு என் நன்றி. சில பலகைகளும் ஆணிகளும்தான், ஆனாலும் அந்தத் தட்டு இல்லாவிட்டால் அம்மா ஏறியிருக்கமாட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடினாள். அம்மா பையோடு உள்ளே போகப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். "உள்ளேதான் தட்டு இருக்கிறதே" என்றாள். இருக்கட்டும், கொடு என்றேன். அவள் கண்ணாடிக் கூட்டையும் என்னிடமே கொடுத்தாள், மனைவி கைபேசியைக் கொடுத்தாள், மகள் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

பெஞ்சு சுட்டது. பை நான் நினைத்ததைவிடக் கனம். முதல் கால் மணி நேரம் கைபேசியைப் பார்த்தேன், பிறகு அதையும் உள்ளே போட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். டக் டக், நிறுத்தம், கத்தல், பாறைக்கு மேல் ஓர் உறுமல், மறுபடியும் அமைதி. சத்தம் நின்றபின் பதினொன்று எண்ணினால் வண்டி பெஞ்சுக்கு நேர் எதிரே உள்ள திருப்பத்தில் வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். மூன்று வண்டிகளை எண்ணிப் பார்த்தேன், மூன்றும் பதினொன்றில் வந்தன. நான்காவது வண்டியில் அவர்கள் இருக்கவேண்டும். டக் டக் நின்றது. ஏழு என்னும்போது எழுந்தேன். ஒன்பது என்னும்போது கையைத் தூக்கினேன். மடியிலிருந்த பை சரிந்து, கண்ணாடிக் கூடு வெளியே உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே தண்டவாளம் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கூட்டைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தேன்.